புறாவாலுக்கு எதற்கு யானை?

பாரிமுனைப் பக்கம் ஏதாவது ஒரு மரவேலை மெஷின் கடைக் கவுண்டரில் நின்று, "டவ்டெயில் ஜிக்குக்கு ஒரு ரவுட்டர் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். "அதுக்குப் பெரிசாத்தான் எடுக்கணும் சார். பன்னெண்டு எம்எம் காலெட், ஆயிரத்து எண்ணூத்தம்பது வாட், பிளஞ்ச் மாடல். சின்னதெல்லாம் மைக்கா ஓரம் தட்டத்தான்."

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தி. நகரில் அடுக்குமாடி வீடுகளுக்கு உள்வேலை செய்யும் மேஸ்திரி இதைத்தான் சொல்கிறார். அடையாறில் பால்கனியின் ஒரு மூலையைப் பட்டறையாக்கிக்கொண்ட, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற எஞ்சினியரும் இதையேதான் சொல்கிறார். ஊரே ஒரு குரலில் பேசினால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நானும் சில காலம் நம்பினேன். பிறகு ஒருநாள் வெர்னியர் காலிப்பரை எடுத்துப் பிட்டின் கழுத்தை அளந்தேன். நம்பிக்கை அங்கே போயிற்று.

பெரிய ரவுட்டர் கட்சிக்கு மூன்று வாதங்கள். ஒன்று, டவ்டெயில் எனப்படும் புறாவால் மூட்டை வெட்டும் பிட் ஒரே மூச்சில் முழு ஆழமும் வெட்ட வேண்டியிருப்பதால் தடித்த தண்டு வேண்டும். தடித்த தண்டைப் பிடிக்கப் பெரிய காலெட் வேண்டும். இரண்டு, அதே காரணத்தால் வாட் நிறைய வேண்டும். மூன்று, பிளஞ்ச் வாங்கினால் எல்லா வேலைக்கும் ஆகும், ஆகையால் பிளஞ்சே சரி. இழுப்பறை செய்கிறவருக்கு முதலிரண்டும் தப்புக் கணக்கு, மூன்றாவது ஆபத்தும்கூட என்பது என் கட்சி.

கணக்குக்குப் போவதற்கு முன், இந்த மூட்டு நமக்கு எதற்கு என்ற கேள்வியைத் தீர்த்துவிடலாம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்து வடிந்த பிறகு, தெருவோரம் குவிந்த மரச்சாமான்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த அலமாரிகள் ஊறி உப்பிப் பிட்டுப்போல் உதிர்ந்தன. ஆணியும் வெள்ளைப் பசையும் மட்டுமே பிடித்திருந்த டிராயர்கள் மூலையில் வாயைப் பிளந்தன. தண்ணீரில் ஊறினால் சாதாரண வெள்ளைப் பசை தளர்ந்துவிடும். ஃபெவிகால் 1959-இல் வருவதற்கு முன் தச்சர்கள் காய்ச்சிய வச்சிரப் பசையும் அப்படித்தான். புறாவால் மூட்டில் பசை போனாலும் மரமே மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். முன்னால் இழுக்கும்போது முகப்புப் பலகை கழன்று கையோடு வராமல் தடுப்பது அந்த விரிந்த வாலின் வடிவம். ஈரத்துக்கும் கோடைக்கும் மாறி மாறி உப்பிச் சுருங்கும் இந்த ஊரில் இன்னொரு நன்மையும் உண்டு. பெட்டியின் நான்கு பலகைகளிலும் இழையோட்டம் பெட்டியைச் சுற்றியே ஓடுவதால், உயரத்தில் எல்லாம் சேர்ந்தே உப்பும், சேர்ந்தே சுருங்கும். மூட்டோடு மரம் சண்டை போடாது.

ஆக, மூட்டு வேண்டும். கையால் அறுத்து உளியால் செதுக்கிப் போடுகிறவருக்கு என் வணக்கம். அவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. ஒரே அளவில் எட்டு டிராயர் செய்ய வேண்டியவர் ஜிக்கைத் தேடுவார். பேச்சு அவரோடுதான்.

ஜிக் வேலை செய்யும் விதம் எளியது. டிராயரின் பக்கப் பலகை நின்றபடி ஒரு கிடுக்கியில், முகப்புப் பலகை படுத்தபடி இன்னொரு கிடுக்கியில். இரண்டின் தலைக்கு மேல் விரல் விரலாக வெட்டிய ஒரு டெம்ப்ளேட். ரவுட்டரின் அடியில் குழல் போன்ற ஒரு கைடு புஷ். அதன் நடுவே பிட். புஷ் விரல்களைத் தடவிக்கொண்டு போக, பிட் இரண்டு பலகைகளையும் ஒரே ஓட்டத்தில் வெட்டும். ஒன்றில் வால், மற்றதில் வாலுக்கான குழி. நம் ஊரில் அதிகம் கிடைக்கும் 300 மில்லிமீட்டர் ஜிக்குகள் பெரும்பாலும் இந்த வகைதான். முகப்பில் மூட்டு தெரியாத அரை மறைவு மூட்டு இது.

இனி முதல் வாதம். இந்த ஜிக்குகளில் வழக்கமாகப் போடும் பிட், அடியில் 12.7 மிமீ அகலம், 14 பாகை சரிவு. வெட்டும் பகுதியின் உயரமும் 12.7 மிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 பாகையின் டேன்ஜன்ட் ஏறக்குறைய 0.25. ஒவ்வொரு பக்கமும் 12.7-இல் கால்வாசி, அதாவது 3.2 மிமீ, உள்ளே ஒடுங்குகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து 6.3 போக, கழுத்தில் மிஞ்சுவது 6.4 மிமீ.

இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மேலே தண்டு 6 மிமீ இருந்தாலும், 8 இருந்தாலும், 12 இருந்தாலும், கீழே கழுத்து 6.4 மிமீதான். பிட்டின் வடிவமே அப்படி. எந்தக் கம்பெனியாலும் அதைத் தடிக்க வைக்க முடியாது. தடித்தால் வால் வாலாக இருக்காது. கழுத்து குச்சியாக இருக்கும்போது தோளில் சதை போட்டு என்ன பயன்? ஒடிகிற பிட் கழுத்தில் ஒடியும். அங்கே 12 மிமீ காலெட் ஒரு உதவியும் செய்யாது.

தண்டின் தடிமன் பொருட்டே இல்லை என்று சொல்லவில்லை. காலெட்டுக்கும் கழுத்துக்கும் இடையே தண்டு வளையும். அந்த வளைவை எதிர்க்கும் பலம் விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். 6 மிமீயிலிருந்து 8-க்குப் போனால் விறைப்பு மூன்று மடங்குக்கும் மேல். கால் அங்குலத் தண்டிலிருந்து, அதாவது 6.35 மிமீயிலிருந்து, 8-க்குப் போனாலும் இரண்டரை மடங்கு. கண்ணால் பார்க்கக்கூடிய வித்தியாசம் இது. குழியின் சுவரில் அலை அலையாக விழும் கோடுகள் குறையும். ஆகையால் 8 மிமீ தண்டு கேளுங்கள் என்று நானே சொல்வேன். அதற்கு மேல் போவதில்தான் பிரச்சினை. சின்ன ஜிக்குகளோடு வரும் கைடு புஷ்ஷின் வெளிவிட்டம் பெரும்பாலும் 11.1 மிமீ. அதற்குள் 12 மிமீ தண்டு நுழையவே நுழையாது. காசு கொடுத்து வாங்கிய பெரிய காலெட்டில், குறுக்கிப் பிடிக்கும் உறை ஒன்றைச் செருகி, அதற்குள் 8 மிமீ தண்டைத்தான் மாட்டப் போகிறீர்கள். விரல்களை நகர்த்தி இடைவெளியை மாற்றிக்கொள்ளும் ஜிக்குகளுக்குப் பெயர்போன கனடாவின் லீ நிறுவனமே தன் புறாவால் பிட்டுகளில் பலவற்றை 8 மிமீ தண்டோடு விற்கிறது. அவர்களிடம் இதே காலெட் உறையும் விலைக்குக் கிடைக்கும். மூட்டுக்கென்றே ஜிக் செய்து பிழைப்பவர்கள் 8 மிமீயில் நிற்கும்போது, நாம் ஏன் 12-க்கு ஓடுகிறோம்?

இரண்டாவது வாதம், வாட். பிட் ஒரே தடவையில் முழு ஆழம் போக வேண்டும் என்பது உண்மை. அடி அகலமான பிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வெட்ட முடியாது. இரண்டாம் தடவை இறக்கினால் முதல் தடவையின் சரிவு காணாமல் போய்விடும். அதனால் சுமை அதிகம் என்கிறார்கள். எவ்வளவு அதிகம்? சுமார் 9.5 மிமீ ஆழத்தில் ஒரு குழியின் குறுக்கு வெட்டு 98 சதுர மிமீ. இது 12 மிமீ அகலமும் 8 மிமீ ஆழமும் உள்ள ஒரு பள்ளத்துக்குச் சமம். அந்தப் பள்ளத்தையும் ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டச் சொல்லவில்லை. டிராயரின் பக்கப் பலகை 12 மிமீ தடிமன் என்றால் அதில் ஒரு குழியின் நீளமும் 12 மிமீதான். முகப்புப் பலகைக்குள் போவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. உள்ளே போய், வெளியே வந்து, அடுத்த விரல். மோட்டார் மூச்சு வாங்குவதற்குள் வேலை முடிந்துவிடும்.

அதுவும் அதிகம் என்று தோன்றினால் வழி இருக்கிறது. அதே புஷ்ஷை வைத்துக்கொண்டு, முதலில் 6 மிமீ நேர் பிட்டால் எல்லாக் குழிகளின் நடுவிலும் ஓட்டிவிடுங்கள். புறாவால் பிட் மரத்தின் மேற்பரப்பில் விடும் வாய் ஏறக்குறைய 8 மிமீ; 6 மிமீ பிட் அதற்குள் அடங்கும். வெட்ட வேண்டிய மரத்தில் பாதி அதிலேயே போய்விடும். மீதிப் பாதியைப் புறாவால் பிட் சீவிக்கொள்ளும். பெரிய ரவுட்டர் ஒன்று வாங்கும் காசுக்குச் சின்ன ரவுட்டர் இரண்டு வாங்கலாம். ஒன்றில் நேர் பிட், ஒன்றில் புறாவால் பிட். பிட்டை மாற்றுகிறேன் என்று ஆழத்தைக் கலைத்து மறுபடி அமைக்கும் தலைவலியும் இல்லை.

தேக்கு கடினம், வேங்கை அதைவிடக் கடினம் என்பார்கள். தேக்கில் பிட்டைக் கெடுப்பது கடினத்தைவிட அதன் உடம்பில் இருக்கும் சிலிக்கா. அது பிட்டின் கூர்மையைத் தின்றுவிடும். அதற்கு மருந்து நல்ல கார்பைடு முனையும் நேரத்துக்குப் பிட்டை மாற்றுவதும். மழுங்கிய பிட்டோடு அதிக வாட்டைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 700 வாட் மோட்டார் பாரம் கூடியதும் குரலை இறக்கி முனகும். கையை இழு, பிட்டைப் பார் என்று சொல்லும். 1850 வாட் மோட்டார் அந்த எச்சரிக்கையைத் தராது. அதே தொனியில் பாடிக்கொண்டே 6.4 மிமீ கழுத்தை முறித்துப் போடும்.

வேகத்தையும் பாருங்கள். மகீட்டாவின் 3612 மாடல் 1850 வாட், நிமிடத்துக்கு 22,000 சுற்று. அதே கம்பெனியின் ஆர்டி0700சி 710 வாட்; 10,000-இலிருந்து 30,000 சுற்று வரை மாற்றிக்கொள்ளலாம், ஓரளவு பாரம் வரை வேகம் விழாமல் பார்த்துக்கொள்ளும் மின்னணுச் சுற்றும் அதில் இருக்கிறது, 8 மிமீ காலெட்டும் அதற்கு உண்டு. சிறிய விட்டமுள்ள பிட் வேகத்தை விரும்பும். நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வீதம் தள்ளினால், இரட்டை வாய்ப் பிட்டின் ஒவ்வொரு வாயும் 30,000 சுற்றில் 0.017 மிமீ கடிக்கும், 22,000-இல் 0.023 மிமீ. அதாவது பெரிய மெஷினில் ஒவ்வொரு கடியும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிது. அந்தப் பெரிய கடியைத் தாங்க வேண்டியதும் அதே கழுத்துத்தான்.

வாட்டுக்கு இன்னொரு எல்லை சுவரில் இருக்கிறது. கபாலி கோயில் மாடவீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் பெரிய பிளக் என்றால் ஒன்று சமையலறையில், ஒன்று குளியலறையில் கீஸருக்கு. பால்கனியிலும் மொட்டைமாடியிலும் இருப்பது சின்ன பிளக். இப்போதைய கணக்கில் அது 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் 1380 வாட் வரை தாங்கும். 1850 வாட் ரவுட்டர் 8 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக்கில் மாட்டினால் ஒயர் சுடும். பெரிய பிளக்கில் மாட்ட வேண்டுமென்றால், மயிலாப்பூர்வாசி சமையலறையிலிருந்து கூடத்தைக் கடந்து பால்கனி வரை எக்ஸ்டென்ஷன் இழுக்க வேண்டும். கிரைண்டர் ஓடாத நேரமாகப் பார்க்க வேண்டும். 710 வாட் ரவுட்டருக்கு 3 ஆம்பியர் போதும், பால்கனிப் பிளக்கே அதற்குத் தாராளம். மெஷினை வாங்குவதற்கு முன் வீட்டுச் சுவரைப் பார்க்காத கட்சியை நான் எப்படி நம்புவது?

மூன்றாவது வாதத்துக்கு வருகிறேன். கோபம் வருவது இங்கேதான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். புறாவால் ஜிக்கில் ஆழம்தான் எல்லாம். இந்த வகை மூட்டில், இறுக்கத்தைத் தீர்மானிப்பது பிட் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பது. பிட்டை இறக்கினால் குழிகளுக்கு இடையே மிஞ்சும் வால் அகலமாகும்; மூட்டு இறுகும். ஏற்றினால் தளரும். எவ்வளவு? 14 பாகையில் ஒரு பக்கத்துக்குக் கால்வாசி, இரு பக்கத்துக்கு அரைவாசி. ஆழத்தில் 0.2 மிமீ மாறினால் பிடியில் 0.1 மிமீ மாறும். கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டினால் உட்காரும் மூட்டுக்கும், தட்டத் தட்டப் பலகை பிளக்கும் மூட்டுக்கும் நடுவே உள்ள தூரம் அவ்வளவுதான்.

ஆக இந்த வேலைக்கு ரவுட்டரிடம் நாம் கேட்கும் முதல் குணம், வைத்த ஆழத்தை வைத்தபடியே காப்பது. எட்டு டிராயர், முப்பத்திரண்டு மூலை. முதல் மூலையின் ஆழம்தான் கடைசி மூலைக்கும். பிளஞ்ச் ரவுட்டரின் தொழிலோ நேர் எதிர். ஏறி இறங்குவதற்காகவே பிறந்தது அது. மோட்டார் இரண்டு தூண்களில் சறுக்குகிறது. சறுக்க வேண்டுமானால் தூணுக்கும் துளைக்கும் நடுவே இடைவெளி இருந்தாக வேண்டும். பூட்டும் நெம்புகோல் பெரும்பாலும் ஒரு தூணை மட்டும் பிடிக்கும். தள்ளும்போது மோட்டார் ஒரு மயிரிழை சாய்ந்தால், அந்த மயிரிழை வாலின் அகலத்தில் தெரியும்.

அது நேர்த்தியின் பிரச்சினை. விரல்களைப் பற்றிய பிரச்சினை வேறு. அடி அகலமான பிட், குழிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பூட்டு நழுவினால், தூணில் அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் மோட்டாரை மேலே உந்தும். 12.7 மிமீ அகலத் தலை, 8 மிமீ வாய் வழியாக மேலே வரும். வரும் வழியில் வாலையும் வெட்டும், டெம்ப்ளேட்டின் விரலையும் கடிக்கும். அலுமினிய விரலில் கார்பைடு மோதினால் சில்லு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. ஓடும் ரவுட்டரை ஜிக்கிலிருந்து மேலே தூக்கக் கூடாது, வெளியே இழுத்து, நிறுத்தி, சுழற்சி நின்ற பின்தான் எடுக்க வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம். மேலே தூக்குவதற்கென்றே ஸ்பிரிங் வைத்த ஒரு மெஷினை அந்த வேலைக்குப் பரிந்துரைப்பது என்ன நியாயம்?

"பிளஞ்சைப் பூட்டிவிட்டால், ஏறி இறங்காத ஃபிக்ஸட் மாதிரிதானே?" என்று கேட்பார்கள். பூட்டலாம். கவனமாகச் செய்கிறவர்கள் அப்படியும் நல்ல மூட்டு போடுகிறார்கள். ஆனால் ஓடும் கதவை வாங்கி வந்து ஆணி அடித்துச் சாத்துவதற்குப் பதில் சுவராகவே கட்டியிருக்கலாமே. புறாவால் பிட் செங்குத்தாக மரத்தில் இறங்கவே முடியாத பிட். பக்கவாட்டில்தான் நுழையும், பக்கவாட்டில்தான் வெளிவரும். இந்த வேலையில் பிளஞ்சுக்கு வேலையே இல்லை.

எதிர்க்கட்சிக்கு மிச்சமிருக்கும் நல்ல வாதம் ஒன்று, பாரம். கனமான மெஷின் ஆடாது, சின்னது விரல் மேல் தள்ளாடும் என்பது. இதில் பாதி சரி. மைக்கா தட்டும் டிரிம்மரின் அடித்தட்டு உள்ளங்கை அகலம். ஜிக்கின் முன்விளிம்பில் பாதித் தட்டு காற்றில் நிற்கும்போது அது சாயத்தான் பார்க்கும். சாய்ந்தால் குழி கெடும். ஆனால் சாய்வுக்குக் காரணம் தட்டின் குறுக்கம். 6 கிலோவை ஒட்டிய பெரிய ரவுட்டரின் தட்டு அகலம்தான். அதன் மோட்டாரோ உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. முன்விளிம்புக்கு வரும்போது அந்த எடை முழுவதும் உங்கள் பக்கம் சாயப் பார்க்கும். முப்பத்திரண்டு மூலைக்கும் அதைத் தாங்கிப் பிடிப்பது உங்கள் மணிக்கட்டு. சின்ன ரவுட்டருக்குக் குறை தீர்க்க, சைன்போர்டு கடையில் 8 மிமீ அக்ரிலிக்கில் ஓரடி நீளத் தட்டு ஒன்று அறுத்து வாங்குங்கள். ரவுட்டரை ஒரு பக்கமாகத் திருகி, மறுபக்கம், ஜிக்கின் உள்ளே எப்போதும் படியும் முனையில், ஒரு குமிழைப் பொருத்துங்கள். இடது கை குமிழை அழுத்தும். வலது கை ரவுட்டரை ஓட்டும். அப்புறம் சாய்க்க நினைத்தாலும் சாயாது.

அந்தத் தட்டு இன்னொரு பிணக்கையும் தீர்க்கும். கவுண்டரில் யாரும் பேசாத பிணக்கு அது. ஜிக்கோடு வரும் கைடு புஷ் உங்கள் ரவுட்டரின் அடியில் பெரும்பாலும் பொருந்தாது. அமெரிக்க முறை புஷ், 30.2 மிமீ துளையில் திருகு வளையத்தால் பிடிப்பது. ஐரோப்பியக் கம்பெனியும் ஜப்பான் கம்பெனியும் வேறு வேறு விதமாகப் பிடிக்கின்றன. நம் கடைகளில் ஜிக் ஒரு நாட்டு முறையிலும் ரவுட்டர் இன்னொரு நாட்டு முறையிலும் இருக்கும். வாட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறவர்கள் இந்தச் சின்ன வளையத்தை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகு நினைவு வரும். உங்கள் அக்ரிலிக் தட்டில் ஜிக்கின் புஷ்ஷுக்கேற்ற துளை போட்டுக்கொண்டால் தீர்ந்தது. புஷ்ஷே வேறு அளவில் வேண்டுமென்றால், 1958-இலிருந்து இயங்கும் கிண்டி தொழிற்பேட்டை அடையாறிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம்தான். அங்கே லேத்தில் கடைந்து தருவார்கள்.

துளையின் மையமும் பிட்டின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் விலகியிருந்து, ரவுட்டரை வெட்டும்போது அரைச்சுற்று திருப்பினால், வெட்டு அரை மில்லிமீட்டர் இடம் மாறும். குமிழ் வைத்த நீளத் தட்டுக்கு இங்கும் ஒரு நன்மை. அதைத் திருப்ப முடியாது. அது எப்போதும் ஒரே திசையைப் பார்த்திருக்கும். மையம் சற்று விலகியிருந்தாலும் எல்லாக் குழியும் ஒரே அளவு விலகும், மூட்டு சேரும். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த வட்டத் தட்டுப் பெரிய ரவுட்டரை நாம் அறியாமலே திருப்பிவிடுவோம்.

இந்த விவாதத்தில் தென் சென்னைக்கே உரிய ஒரு கிளைக் கட்சி உண்டு. "இங்கே எதுவும் சரியில்லை, நியூஜெர்சியிலிருந்து பையன் வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள்" என்னும் கட்சி. அமெரிக்காவில் ஜிக் வேலைக்குப் பல்லாண்டுகளாகப் பெயர் வாங்கியது போர்ட்டர்-கேபிளின் 690 வரிசை. நடுத்தர அளவு, ஃபிக்ஸட் பேஸ். அங்குள்ளவர்களும் யானையைத் தேடிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் அது 120 வோல்ட், 10 ஆம்பியர் மெஷின். இங்கே ஓட்ட 1500 விஏ அளவுக்கு ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கார்பன் பிரஷ் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பது பொருட்டில்லை, வோல்ட் பொருட்டு. தூக்கிக்கொண்டு மாடியேற ரவுட்டரோடு ஒரு இரும்புக் கட்டியும் சேர்ந்துவிடும். பிரஷ் தேய்ந்தால் அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டும். அந்த மெஷினிடம் கற்க வேண்டியது அதன் எளிமை. சூட்கேஸில் அது வர வேண்டிய அவசியமில்லை.

எதிர்க்கட்சிக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுத்துவிடுகிறேன். 25 மிமீ தடித்த தேக்குப் பலகையில், இருபுறமும் தெரியும் முழு மூட்டு போட்டுப் பெரிய பெட்டி செய்கிறவருக்கு என் அறிவுரை பொருந்தாது. அங்கே பிட் பெரிது, கழுத்தும் பெரிது, வெட்டு ஆழம் இரண்டரை மடங்கு. 12 மிமீ தண்டு, அதற்கேற்ற தடித்த புஷ், அதிக வாட் எல்லாம் அங்கே நியாயம். கதவுச் சட்டத்துக்கு மோல்டிங் ஓட்டவும், பூஜை மண்டபத்துத் தூணில் பள்ளம் எடுக்கவும் பிளஞ்ச் வேண்டும். அந்த வேலைகள் வருகிறவர் பெரியதை வாங்கட்டும். ஆனால் "நாளைக்குக் கதவு செய்தாலும் செய்வேன்" என்பதற்காக இன்று டிராயருக்குத் தப்பான மெஷினை வாங்குவது, என்றோ வரப்போகும் கல்யாணக் கூட்டத்துக்காகத் தினமும் அண்டாவில் காபி போடுவது மாதிரி.

கைவேலைக் கட்சிக்கும் ஒரு விஷயத்தில் தலை வணங்குகிறேன். ஜிக்கில் போட்ட மூட்டு அழகில் கைமூட்டுக்கு ஈடாகாது. பழைய மேசைகளில் வாலுக்கு வால் நடுவே ஊசிபோல் ஒடுங்கும் முளைகளைப் பார்த்திருப்பீர்கள். ரம்பம் போகும் இடத்தில் அதைச் செய்யலாம். ரவுட்டர் பிட் போகும் இடத்தில் கழுத்தின் அகலத்துக்குக் குறைந்து எதுவும் செய்ய முடியாது. அழகுக்கும் எல்லை போடுவது அந்த 6.4 மிமீதான். அந்தக் கழுத்தைப் புரிந்துகொண்டவர், கையால் செய்தாலும் மெஷினால் செய்தாலும், தன் கருவியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று அறிந்தவர்.

தி. நகர் மேஸ்திரிகளிடம் ஒரு வார்த்தை. உங்கள் பையில் ஏற்கெனவே ஒரு டிரிம்மர் கிடக்கிறது. மைக்கா ஓரம் தட்டும் மெஷின் என்று நீங்களே அதற்குப் பெயர் வைத்துவிட்டீர்கள். அதன் ஆழம் திருகிப் பூட்டினால் நகராது. அதன் மோட்டார் தாழ உட்கார்ந்திருக்கிறது. 8 மிமீ காலெட் ஏற்கும் மாடலாக இருந்தால், ஒரு அக்ரிலிக் தட்டும் ஒரு புஷ்ஷும் மட்டும் குறை. முதலில் விளிம்போடு வலமிருந்து இடமாக ஒரு மெல்லிய கீறல் ஓட்டுங்கள். இழை பிய்ந்து வராது. பிறகு இடமிருந்து வலமாக, விரல் விரலாக. வெட்டிப் பார்த்து, தளர்ந்தால் இறக்குங்கள், இறுகினால் ஏற்றுங்கள். இரண்டு மூன்று வேஸ்ட் துண்டிலேயே ஆழம் பிடிபட்டுவிடும்.

புதிதாக வாங்கப் போகிறவருக்கு: பாரிமுனைக்குக் கிளம்பும்போது சட்டைப் பையில் இரண்டு பொருளை எடுத்துப் போங்கள், உங்கள் ஜிக்கோடு வந்த புஷ், நீங்கள் போடப் போகும் பிட். "எத்தனை வாட்?" என்று நீங்கள் கேட்க வேண்டாம். அந்த இரண்டையும் கவுண்டரில் வைத்து, "இந்தத் தண்டைப் பிடிக்குமா? இந்தப் புஷ் இதில் உட்காருமா? ஆழத்தைப் பூட்டிவிட்டு மோட்டாரை அழுத்தினால் அசைகிறதா?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதிலைக் கடைக்காரரின் வாயிலிருந்து எதிர்பார்க்காமல், பூட்டிய மோட்டாரை இரு கையாலும் பிடித்து அசைத்து நீங்களே பாருங்கள். அசையாததை எடுத்து வாருங்கள், அது அலமாரியில் இருப்பதிலேயே சின்னதாக இருந்தாலும்.